ஆராயப்பட்டவர்களும் அமரும் அவை: அப்பலாச்சிய ஆய்வு மாநாட்டின் பின்னணி

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் தென்விளிம்பில் தொடங்கி மிசிசிப்பியின் வடபகுதிவரை நீண்டு கிடக்கும் மலைநாடு அப்பலாச்சியா. 13 மாநிலங்கள், 423 கவுண்டிகள் (மாநிலத்துக்குள் அடங்கும் மாவட்டம் போன்ற பிரிவுகள்), ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் மக்கள் என்று அரசு அதன் எல்லையை வகுத்திருக்கிறது. இந்த மலைநாட்டின் வரலாறு, இலக்கியம், இசை, பொருளாதாரம், சுற்றுச்சூழல் ஆகியவற்றை ஆராய்பவர்களும், அங்கேயே வாழ்ந்து தங்கள் ஊருக்காகப் போராடுபவர்களும் 1978 முதல் ஆண்டுதோறும், பெரும்பாலும் மார்ச் மாதத்தில், ஓரிடத்தில் கூடுகிறார்கள். அப்பலாச்சிய ஆய்வுச் சங்கம் நடத்தும் அந்த மாநாட்டில் ஓர் அறையில் பேராசிரியர் கட்டுரை வாசிக்கையில், அடுத்த அறையில் குடிநீர் மாசுக்கு எதிராகப் போராடும் ஊர்க்குழுவினர் தங்கள் அனுபவத்தை எடுத்துரைப்பார்கள். ஆவணப்படமும் கவிதை வாசிப்பும் பஞ்சோ இசையும் நிகழ்ச்சி நிரலில் ஆய்வுரைகளுக்குச் சமமான இடம் பெறும். பட்டப்படிப்பு மாணவரும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளரும் ஒரே அமர்வில் பேசுவது அங்கே வியப்புக்குரியதல்ல. கல்வித்துறை மாநாடு ஒன்று இப்படி அமைய வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, அந்த மலைநாடு கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் யாரால் எப்படி எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பலாச்சியா என்ற தனிப்பட்ட உலகம் ஒன்று இருக்கிறது என்ற எண்ணத்தைப் பெரிதும் உருவாக்கியவர்கள் உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் அங்கே பயணம் சென்ற பத்திரிகை எழுத்தாளர்கள். 1873இல் வில் வாலஸ் ஹார்னி என்பவர் ஓர் இதழில் எழுதிய பயணக் கட்டுரை, அதை விசித்திரமான நாடாகவும் அதன் மக்களை மற்றவர்களிலிருந்து வேறுபட்டவர்களாகவும் காட்டியது. 1899இல் கென்டக்கியின் பெரியா கல்லூரித் தலைவர் வில்லியம் குடெல் ஃபிராஸ்ட், மலைவாழ் மக்களை அமெரிக்கரின் ‘சமகால மூதாதையர்’ என்று வர்ணித்தார். அவருக்கு அம்மக்கள்மேல் பரிவு இருந்தது. அவர்களுக்குக் கல்வி கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எழுதினார். ஆனாலும் காலத்தில் பின்தங்கி நின்றுவிட்டவர்கள், வெளியிலிருந்து வரும் கையால் தூக்கிவிடப்பட வேண்டியவர்கள் என்ற சித்திரம் அந்தப் பரிவினாலேயே இன்னும் அழுத்தமாகப் பதிந்தது.

அதே ஆண்டுகளில்தான் ரயில் பாதைகளும் நிலக்கரி, மர நிறுவனங்களும் மலைக்குள் நுழைந்தன. கிழக்குக் கென்டக்கியில் நில முகவர்கள் விவசாயிகளிடமிருந்து நிலத்துக்கு அடியிலுள்ள கனிமங்களை மட்டும் கிரயம் வாங்கினார்கள். விலை பெரும்பாலும் ஏக்கருக்கு 50 சென்ட்டில் தொடங்கிச் சில டாலர்களுக்குள் முடிந்தது. அந்தப் பத்திரங்களின் வாசகமோ மிக அகலமானது. கனிமத்தை எடுப்பதற்கு வசதியான எந்த வழியிலும் மேல்நிலத்தைப் பயன்படுத்தலாம், அதனால் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று அவை சொல்லின. மண்வெட்டியாலும் சுரங்கப்பாதையாலும் கரி எடுத்த காலத்தில் கையெழுத்திட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் புல்டோசர்கள் வந்து மலைச்சரிவையே சீவி எறிந்தபோதுதான் அந்த வாசகத்தின் முழுப் பொருளை அனுபவித்தார்கள். நிலவரி கட்டிவந்த குடும்பம் வாசலில் நின்று தடுத்தாலும், நீதிமன்றம் பத்திரத்தின் பக்கமே நின்றது. 1965இல் கென்டக்கியின் நாட் கவுண்டியில் ஆலி கோம்ப்ஸ் என்ற விதவை தம் வீட்டுக்கு மேலிருந்த சரிவில் புல்டோசருக்கு முன் அமர்ந்ததும், காவலர்கள் அவரைத் தூக்கிச் சென்றதும் புகைப்படமாக நாடெங்கும் பரவின. அந்த ஆண்டின் நன்றி நவிலும் நாளை அவர் சிறையில் கழித்தார்.

பத்திரிகைச் சித்திரமும் நிலப் பறிப்பும் ஒரே காலத்தில் நடந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. வரலாறு இல்லாதவர்கள், தங்கள் நிலத்தின் மதிப்பை அறியாதவர்கள் என்று ஒரு மக்கள்கூட்டம் ஒருமுறை வர்ணிக்கப்பட்டுவிட்டால், அவர்களிடமிருந்து எடுப்பது முன்னேற்றம் என்ற பெயரைப் பெற்றுவிடும்.

1960களில் இந்த மலைநாடு மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. 1964 ஏப்ரலில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டிக்கு வந்து ஒரு குடிசைத் திண்ணையில் அமர்ந்து பேசினார். வறுமைக்கு எதிரான போர் என்று அவர் அறிவித்த அரசுத் திட்டத்தின் முகமாக அந்தப் படம் ஆனது. மறு ஆண்டு அப்பலாச்சிய வட்டார ஆணையம் சட்டத்தின்மூலம் நிறுவப்பட்டு, நெடுஞ்சாலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நிதி வரத் தொடங்கியது. சாலைகள் தேவைப்பட்டவைதான், பயனும் தந்தன. ஆனால் வறுமைக்கான விளக்கம் பெரும்பாலும் பழையதாகவே இருந்தது: மலைமக்களின் பண்பாடே அவர்களைப் பின்னுக்கு இழுக்கிறது, விதியை நம்பிச் சோர்ந்திருப்பது அவர்களின் குணம் என்று சமூகவியலாளர் சிலர் எழுதினார்கள். பூமிக்கடியில் இவ்வளவு செல்வம் இருக்கும் இடத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பணமில்லாமல் போனது எப்படி என்ற கேள்வியை அந்த விளக்கம் தொடவே இல்லை.

அதைத் தொட்டவர்களில் முதன்மையானவர் ஹெலன் மேத்யூஸ் லூயிஸ். வர்ஜீனியாவின் தென்மேற்கு மூலையிலிருந்த ஒரு சிறு கல்லூரியில் சமூகவியல் கற்பித்த அவர், அப்பலாச்சியாவை ஓர் உள்நாட்டுக் காலனியாகப் பார்க்க வேண்டும் என்று வாதிட்டார். செல்வம் வெளியேறுகிறது, முடிவுகள் வெளியில் எடுக்கப்படுகின்றன, அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தும் விதத்தில் உள்ளூர்ப் பண்பாடு தாழ்த்திப் பேசப்படுகிறது என்பது அவர் கண்ட ஒழுங்கு. பின்னர் வந்த ஆய்வாளர்கள் இந்த உவமை எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று காட்டினார்கள்; உள்ளூர் வணிகரும் வழக்கறிஞரும் இந்த ஏற்பாட்டில் பங்காளிகளாக இருந்ததை அது மறைக்கிறது என்ற விமர்சனம் சரியானதே. ஆனால் விளக்கத்தின் சுமையை மக்களின் குணத்திலிருந்து உடைமையின் அமைப்புக்கு நகர்த்தியது அவருடைய நிலையான பங்களிப்பு. மாணவர்களைச் சுரங்க ஊர்களுக்கு அழைத்துச் சென்று, தொழிலாளரை வகுப்பறைக்கு அழைத்து வந்து கற்பித்த முறையும் அவருடையதே. 2022இல் 97 வயதில் மறைந்த அவரை அப்பலாச்சிய ஆய்வின் பாட்டி என்று அழைப்பது அங்கே வழக்கம். சமூகத் தொண்டுக்காகச் சங்கம் வழங்கும் விருது அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

1972 பிப்ரவரி 26 அன்று மேற்கு வர்ஜீனியாவின் லோகன் கவுண்டியில், நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை உடைந்து பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. 125 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தார்கள். நிறுவனத்தின் தரப்பு அதை இறைவனின் செயல் என்றது. அந்தப் பத்தாண்டில் மலைநாட்டுக் கல்லூரிகளில் வட்டார ஆய்வு மையங்கள் அடுத்தடுத்துத் தோன்றியதற்கு, கறுப்பர் ஆய்வு, பெண்கள் ஆய்வு போன்ற புதிய துறைகள் தந்த முன்மாதிரி ஒரு காரணம் என்றால், இத்தகைய பேரழிவுகள் எழுப்பிய கோபம் மற்றொரு காரணம். வட கரோலினாவின் பூன் நகரிலிருந்து ஓர் ஆய்விதழ் 1972இலேயே வெளிவரத் தொடங்கியிருந்தது. 1977இல் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் செயல்பாட்டாளர்களும் கலந்து பேசியதன் விளைவாக, முதல் மாநாடு 1978இல் பெரியா கல்லூரியில் கூடியது.

இடத்தேர்வில் ஒரு பொருத்தம் உண்டு. ஃபிராஸ்டின் கட்டுரை பிறந்த அதே கல்லூரிதான், 1855இல் அடிமைமுறை எதிர்ப்பாளர் ஜான் ஃபீ தொடங்கி, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து படித்த கல்லூரியும்கூட. 1904இல் கென்டக்கி சட்டமன்றம் அந்தச் சேர்ந்து படித்தலைத் தடைசெய்தது. 1908இல் உச்ச நீதிமன்றமும் தடையை உறுதிசெய்தது. பரிவோடு தாழ்த்திய மரபும், சமத்துவத்துக்காக நின்று தோற்ற மரபும் ஒரே வளாகத்தில் இருந்தன. மாநாடு இரண்டுக்குமே வாரிசு.

இந்தக் கூடுகையின் இயல்பை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுவது, அதன் பிறப்பை ஒட்டி நடந்த நில உடைமை ஆய்வு. 1977 ஏப்ரலில் டக் ஃபோர்க் ஆற்றில் பெருவெள்ளம் வந்து மேற்கு வர்ஜீனியாவின் மிங்கோ கவுண்டியிலும் எல்லைக்கு அப்பால் கென்டக்கியிலும் ஊர்களை அழித்தது. வீடிழந்தவர்களுக்கு அரசு தற்காலிக வீடுகளைக் கொண்டுவந்தது. அவற்றை நிறுத்த மேடான இடம் கிடைக்கவில்லை. இடம் இல்லாமல் இல்லை, அது மக்களிடம் இல்லை. கவுண்டியின் பெரும்பகுதி வெளியூர் நில, நிலக்கரி நிறுவனங்களின் கையில் இருந்தது. மலைநாடு முழுவதும் நிலம் உண்மையில் யாருடையது என்று முறையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அங்கிருந்து எழுந்தது.

அப்பலாச்சிய வட்டார ஆணையத்தின் நிதியில், பூன் நகரப் பல்கலைக்கழகமும் டென்னசியிலுள்ள ஹைலேண்டர் என்ற மக்கள் கல்வி மையமும் நிர்வகிக்க, ஆறு மாநிலங்களின் 80 கவுண்டிகளில் இந்த ஆய்வு நடந்தது. இதன் சிறப்பு அதைச் செய்தவர்களில் இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு, அந்தந்த ஊரில் வாழ்ந்த பொதுமக்களும் பயிற்சி பெற்று, கவுண்டி நீதிமன்றக் கட்டடங்களுக்குச் சென்று வரிப் பதிவேடுகளையும் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டி எடுத்தெழுதினார்கள். அங்கே அப்பதிவேடுகள் பொதுச் சொத்து, யாரும் பார்க்கலாம். ஆனால் நிறுவனத்தின் வேலையிலோ தயவிலோ வாழும் சிறிய ஊரில், ஒரு சாதாரணக் குடிமகள் அந்த அலுவலகத்துக்குள் சென்று நிறுவனத்தின் பெயரிலுள்ள ஏக்கர்களைக் கூட்டிப் பார்ப்பதற்குத் துணிவு வேண்டும். எண்களை அவர்களே எடுத்ததனால் அவற்றின் பொருளை வேறு யாரும் விளக்கத் தேவையில்லாமல் போனது.

1981இல் வெளியான முடிவுகள் கடுமையானவை. ஆராயப்பட்ட கவுண்டிகளில் உள்ளூர் மக்களில் நூற்றுக்கு ஒருவரும், வெளியூர் உடைமையாளர்களும், நிறுவனங்களும், அரசு அமைப்புகளும் சேர்ந்து மேல்நிலத்தில் பாதிக்கும் மேல் வைத்திருந்தார்கள். கணக்கில் வந்த கனிம உரிமையில் ஐந்தில் நான்கு பங்கு வெளியூர்க்காரர்களுடையது. அந்த உரிமையாளர்களில் முக்கால்வாசிப் பேர் ஏக்கருக்கு 25 சென்ட்டுக்கும் குறைவாகவே சொத்துவரி கட்டினார்கள். அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளிகள் பெருமளவு சொத்துவரியை நம்பி நடப்பவை என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், கரி நிறைந்த கவுண்டியில் பள்ளிக்கூரை ஒழுகியதன் காரணம் புரியும். மக்களின் சோர்வுக் குணம் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்கு எல்லாம் இந்த வரிப் பதிவேடே பதில்.

ஆய்வுக்குப் பணம் தந்த ஆணையம் அதன் பரிந்துரைகளைப் பெரிதாகச் செயல்படுத்தவில்லை. செயல் வேறு வழியில் நடந்தது. கென்டக்கியில் கணக்கெடுப்பில் ஈடுபட்டவர்கள் 1981இல் நியாயமான வரி கோரும் கூட்டணி ஒன்றை அமைத்தார்கள். அதுவே பின்னர் ‘கென்டக்கியன்ஸ் ஃபார் த காமன்வெல்த்’ என்ற பெயரில் மாநிலம் தழுவிய அமைப்பாக வளர்ந்தது. தோண்டப்படாத நிலக்கரிக்கு 100 டாலர் மதிப்புக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்று கிட்டத்தட்ட வரியே இல்லாத விகிதத்தை மாநிலம் வைத்திருந்தது. அது அரசமைப்புக்கு முரணானது என்று 1988இல் கென்டக்கி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், பழைய கனிமப் பத்திரங்களைக் காட்டி மேல்நில உரிமையாளரின் சம்மதமின்றித் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டுவதைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்து, வாக்களித்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் அதை ஆதரித்தார்கள். ஆலி கோம்ப்ஸ் புல்டோசருக்கு முன் அமர்ந்து அப்போது 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வும் செயலும் இணைவதென்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஹைலேண்டர் மையத்தைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். 1932இல் மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்டும் டென்னசி மலையில் தொடங்கிய அந்தப் பள்ளி, முதலில் தொழிற்சங்கங்களுக்கும் பின் கறுப்பரின் சம உரிமைக்கான குடிமை உரிமை இயக்கத்துக்கும் பயிற்சிக்களமாக இருந்தது. 1955 கோடையில் ரோசா பார்க்ஸ் அங்கே ஒரு பட்டறையில் கலந்துகொண்டார். மாண்ட்கோமரி பேருந்தில் அவர் எழ மறுத்தது அதே ஆண்டு டிசம்பரில். 1961இல் மாநில அரசு பள்ளியை மூடியபோதும் அது வேறு பெயரில் தொடர்ந்தது. மக்களுக்குத் தங்கள் பிரச்சினை பற்றிய அறிவு ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒன்றுதிரட்டுவதே கல்வி என்ற அதன் நம்பிக்கைதான் நில ஆய்வின் முறையிலும் மாநாட்டின் அமைப்பிலும் ஓடுகிறது. இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. போபால் ஆலையில் கசிந்த அதே வாயுவைத் தயாரித்த யூனியன் கார்பைடின் அமெரிக்க ஆலை, மேற்கு வர்ஜீனியாவில் கறுப்பர்கள் நெடுங்காலமாக வாழும் இன்ஸ்டிட்யூட் என்ற ஊரில் இருந்தது. போபாலுக்கு அடுத்த ஆண்டு, 1985 ஆகஸ்டில், அங்கும் வேறொரு நச்சுப்பொருள் கசிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற நேர்ந்தது. ஹைலேண்டர் மையமும் டெல்லியிலுள்ள ஆசியப் பங்கேற்பு ஆய்வு அமைப்பும் சேர்ந்து போபாலைப் பற்றி அந்த ஆண்டே ஓர் அறிக்கை வெளியிட்டன. வட்டார ஆய்வு தன் மலைக்குள்ளேயே சுருங்கிவிடும் என்ற அச்சத்துக்கு அது நல்ல மறுமொழி.

ஆய்வோடு பாட்டும் படமும் கவிதையும் சேர்ந்தே வருவதற்கும் இந்த வரலாறே காரணம். தாழ்த்தும் சித்திரத்தை எண்களால் மட்டும் அழிக்க முடியாது. கென்டக்கியின் வைட்ஸ்பர்க் நகரில் 1969இல், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் கீழ் இளைஞர்களுக்குத் திரைப்படத் தொழில் கற்பிக்கத் தொடங்கிய ‘அப்பல்ஷாப்’, அவர்கள் வேலை தேடி வெளியேறாமல் தங்கள் ஊரையே படமெடுக்கும் நிறுவனமாக மாறியது. மலைநாடு என்றாலே வெள்ளையர் நாடு என்ற எண்ணத்தை உடைக்க, 1991இல் கவிஞர் ஃபிராங்க் எக்ஸ் வாக்கர் ‘அஃப்ரிலாச்சியன்’ என்ற பெயரை உருவாக்கினார். அதைச் சுற்றி ஒரு கவிஞர் குழுவே அமைந்தது. செரோக்கி மக்கள் 1838இல் விரட்டப்பட்டதிலிருந்து தொடங்காத எந்த நில வரலாறும் முழுமையாகாது என்ற குரலும் இன்று வலுத்திருக்கிறது. 2024 மாநாடு கூடிய கலோவீ, கிழக்குச் செரோக்கியரின் நிலத்துக்கு அருகிலுள்ள ஊர். தொடக்க கால ஆய்வு வெள்ளைச் சுரங்கத் தொழிலாளரை மையத்தில் வைத்து மற்றவர்களை ஓரத்தில் நிறுத்தியது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. அதை மாநாட்டுக்கு உள்ளிருந்தே சொல்ல முடிந்தது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

மாநாடு ஆண்டுதோறும் இடம் மாறுவதற்கும் பயன் உண்டு. 2018இல் அது சின்சினாட்டியில் கூடியது. அந்நகரம் மலையின் மடியில் இல்லை. ஆனால் 1940 முதல் 1970 வரை வேலை தேடி மலையிறங்கிய முப்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரில் பலர் குடியேறிய ஆலை நகரங்களில் அதுவும் ஒன்று. அங்கே அவர்கள் எதிர்கொண்ட இழிவின் அளவை, 1992இல் அந்நகரம் இயற்றிய மனித உரிமைச் சட்டமே சொல்லும்: பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் அப்பலாச்சிய வம்சாவளியும் ஒன்றாக அதில் எழுதப்பட்டிருக்கிறது.

அதே சின்சினாட்டி மாநாட்டில்தான், மலைமக்களின் வறுமையைப் பண்பாட்டுக் குறைபாடாக விளக்குகிறது என்று ஆய்வாளர் பலர் விமர்சித்த நினைவுக்குறிப்பு நூலை 2016இல் எழுதிய ஜே.டி. வான்ஸ் பங்கேற்ற அமர்வில், இளைய உறுப்பினர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். எல்லோரையும் கேட்பதே கல்வி அவையின் கடமை என்றவர்களும், நூறாண்டுப் பழிக்கு மீண்டும் மேடை தரக் கூடாது என்றவர்களும் மோதினார்கள். எதிர்ப்பின் முறை பற்றி எவரும் மாறுபடலாம். ஆனால் தங்களைப் பற்றிச் சொல்லப்படுவதை மௌனமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டோம் என்பது அந்தச் சங்கம் பிறந்ததற்கான காரணமே என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த மோதலை மதிப்பிட வேண்டும்.

வேறு உரசல்களும் ஓயவில்லை. பேராசிரியருக்குப் பதவி உயர்வு தருவது ஆய்விதழ்க் கட்டுரை. ஊர்க்குழுவுக்குத் தேவை அடுத்த மாத விசாரணைக்கான ஆதாரம். மலைமுகடுகளை வெடிவைத்துத் தகர்க்கும் சுரங்க முறை ஏறத்தாழ 2,000 மைல் நீள ஓடைகளை மண்மூடச் செய்ததை எதிர்ப்பவர் அமரும் அறையில், அந்தச் சுரங்கத்தின் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவரும் அமர்ந்திருக்கலாம். 1940இல் மேற்கு வர்ஜீனியாவில் மட்டும் 1,30,000 அளவில் இருந்த சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதில் சிறு பகுதியே. வேலை குறைந்தும் நோய் குறையவில்லை: மத்திய அப்பலாச்சியாவில் 25 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த சுரங்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கு, நிலக்கரித் தூசியால் வரும் கருநுரையீரல் நோய் இருப்பதை 2018இல் அரசு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். தொழிலை இழந்தவரையும் தொழிலால் நுரையீரலை இழந்தவரையும் ஒரே பக்கமாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஆய்வே இவர்களோடு பேசத் தகுதியுடையது.

நிலம் யாருடையது என்ற கேள்வியும் முடிந்துவிடவில்லை. 2013இல் மேற்கு வர்ஜீனியாவில் அதை மீண்டும் கணக்கெடுத்தபோது, மாநிலத்தின் முதல் பத்துத் தனியார் நில உடைமையாளர்களில் ஒருவர்கூட அம்மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கவில்லை என்று தெரியவந்தது. 2022 ஜூலையில் கிழக்குக் கென்டக்கியில் வந்த வெள்ளம் நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததோடு, அப்பல்ஷாப்பின் ஆவணக் காப்பகத்தையும் மூழ்கடித்தது. அரை நூற்றாண்டுப் படச்சுருள்களையும் ஒலிநாடாக்களையும் சேற்றிலிருந்து எடுத்துக் காக்கும் பணி நெடுநாள் நடந்தது. வீடிழந்தவர்களை ஆற்றோரத்திலிருந்து மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்று மாநில அரசு முடிவுசெய்து இடம் தேடியது. மலையில் பரந்த சமதளம் எஞ்சியிருந்த இடங்கள் பெரும்பாலும் பழைய திறந்தவெளிச் சுரங்கங்கள். நாட் கவுண்டி உள்ளிட்ட இடங்களில் அத்தகைய நிலம் நன்கொடையாகப் பெறப்பட்டு அதன்மேல் புதிய குடியிருப்புகள் கட்டப்படுகின்றன.